நீர் தொடாத நெற்றி

என் மனைவி இதே ஊரில் நீலசந்திரா பகுதியில், இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். காக்ஸ் டவுனில் என் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் என்னோடு மாதா கோயிலுக்கு வருவாள். நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையில் போகும்போது ஞானஸ்நானம் பெறாதவள் என்பதால் அவள் மட்டும் பெஞ்சிலேயே இருந்து, காலை ஒதுக்கி வழிவிடுவாள். "வழிவிட்டு வழிவிட்டே என் முட்டி தேஞ்சு போச்சு. நானும் ஒருநாள் எழுந்து போறேன் பாருங்க" என்பாள். மதம் மாறு என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. போன வருஷம் அவளாகவே ஃபாதரிடம் போய் நின்றாள். வாராவாரம் ஞானோபதேச வகுப்பு. ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஐஸ் பெட்டி வீட்டுக்கு வந்து இறங்கியதும் என் அண்ணன் ஆரம்பித்தார். அப்பா அம்மா படுத்திருக்கும் குடும்பக் கல்லறையைத் திறக்க, மூத்தவரான அவர் தலையசைக்க வேண்டும்.

"அவளுக்கு ஞானஸ்நானத் தண்ணி ஊத்தலையேடா. அம்மா குழியில எப்படி வைக்கிறது?"

வந்திருந்த ஃபாதர் பொறுமையாகச் சொன்னார். "ஞானஸ்நானம் வேணும்னு மனசார ஆசைப்பட்டு, அதுக்குத் தயாராகும்போதே ஒருத்தர் இறந்துட்டா, அந்த ஆசையே போதும்னுதான் திருச்சபை சொல்லுது. பூசை வெச்சு நானே அடக்கம் பண்றேன்."

"ஆசைப்பட்டா ஆச்சா ஃபாதர்? பஸ் ஏற ஆசைப்பட்டவன் எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துட்டானா?" பேச்சு எங்கள் குடும்பச் சொத்து.

"அவ ஸ்டாப்புல வந்து நின்னுட்டா. பஸ் வரலேன்னா அது அவ குத்தமா?" என்றேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் சாமியும் கொடுத்தார், பூசாரியும் கொடுத்தார். வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பவர்தான் மறித்தார்.

அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். "சும்னே எதுக்கு ரோதனை? ஆட்டோவுல உயிர் இருக்கும்போதே நீங்க தண்ணி ஊத்திட்டதா சொல்லிடுங்க. உயிர் போற ஆபத்துல யார் ஊத்தினாலும் செல்லும்ல? பொய் சொல்ல மனசு வரலேன்னா இப்பவே பெட்டியைத் திறந்து ஒரு சொம்பு ஊத்திடறேன்."

"செத்தவங்களுக்கு ஏது அண்ணி ஞானஸ்நானம்?"

"அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்!"

கெட்ட மனசில்லை அண்ணிக்கு. அந்தப் பொய் என் நுனிநாக்கு வரை வந்தது. சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் சொன்னால், அவள் ஆசை போதவில்லை என்று அவள் புருஷனே சாட்சி சொன்னதாக ஆகும். என்னால் முடியாது. கூடத்துக்கு வந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

"நான் ஊத்தல. யாரும் ஊத்தல. ஊத்தினேன்னு சொல்லவும் மாட்டேன். அவ வேணும்னு கேட்டாச்சு, ஆண்டவருக்குக் காது கேக்கும். உங்க குழி உங்களுக்கே இருக்கட்டும்ணா. அவளுக்குப் புதுக்குழி வெட்டச் சொல்றேன். நாளைக்கு நானும் அதுலதான் வருவேன்."

"அம்மாவை விட்டுட்டு நீ தனியாவாடா?" அண்ணனின் குரல் இறங்கியது.

"அம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க. உங்களையும் என்னையும் விட மருமகளைத்தான் அவங்களுக்குப் பிடிக்கும்."

இந்த ஊரில் புதுக்குழி கிடைப்பது லேசில்லை. ஃபாதர்தான் யார் யாரிடமோ பேசிச் சுவரோரமாக ஒன்று வாங்கித் தந்தார். ஈஸ்டருக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைப் புடவையைக் கட்டி அவளை இறக்கினோம். எல்லாரும் கைப்பிடி மண் போட்டார்கள். அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மண்ணு போடறதுக்குமா ஞானஸ்நானம் வேணும்? போடுங்கண்ணா" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டார்.

இன்றைக்கும் அவருக்கு என் மேல் வருத்தம்தான். அது அவர் பாடு. எனக்கு இடம் சுவரோரத்தில், அவளோடு அதே குழியில். அதில் மாற்றமில்லை.