நூற்று நாற்பத்தேழாம் ஸ்லைடு

எங்கள் டாக்டரம்மாவுக்கு ஆய்வகத்தில் 'கழுகு' என்று பெயர். வைத்தது நான்தான். அவருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த சதையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க இருபத்தாறு வருடமாகக் கண்ணாடி ஸ்லைடு போட்டுக் கொடுக்கும் டெக்னீஷியன் நான். காலையில் எண்பது ஸ்லைடு, மதியம் மாணவர்கள், மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி, எந்நேரமும் கழுத்து வலி. நோயாளிகள் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. புற்றா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்வது இவர், கும்பிடு வாங்குவது ஆபரேஷன் டாக்டர். எனக்கு அதில் எரிச்சல் உண்டு.

அவருடைய ஆராய்ச்சியே விசித்திரம். மற்றவர்கள் புற்றுக்கு மருந்து தேட, இவர் தேடியது தப்பை. ஒரே டாக்டர் அதே ஸ்லைடைப் பல வருடம் கழித்துப் பார்த்தால் அதே பதிலைச் சொல்வாரா? முதல் சோதனை எலியும் அவரேதான். தம்முடைய பழைய ஸ்லைடுகளில் இருநூறை எடுத்து, பெயரை மறைத்து எண் போடச் சொன்னார். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என் அலமாரியில், பூட்டுக்குள். ஆய்வு முடியும்வரை அவரே கேட்டாலும் தரக்கூடாது என்பது அவர் போட்ட விதி.

நூற்று நாற்பத்தேழில் நின்றுவிட்டார். மெழுகில் பதித்து வைத்திருந்த சதையை இன்னும் ஆழமாகச் சீவி, புதுச் சாயம் போட்டுத் தரச் சொன்னார். தந்தேன். மார்பில் சுரப்பிகள் இறுகி நசுங்கிக் கிடந்தால் அச்சு அசலாகப் புற்று போலவே தெரியும். இதுவும் அப்படித்தான், புற்று இல்லை என்றார்.

"அன்னிக்கு நான் என்ன எழுதியிருக்கேன்?"

"நீங்க போட்ட விதிம்மா."

"பூட்டத் திறங்க."

பதினோரு வருடத்துக்கு முன் புற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மார்பை எடுத்துவிட்டார்கள். எடுத்த மார்பும் எங்களிடம்தான் வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. முதலில் சோதனைக்கு எடுத்த துண்டிலேயே கட்டி முழுசாக வந்துவிட்டது என்று எழுதி எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். இன்னும் ஆழமாகச் சீவட்டுமா என்று அன்று நானும் கேட்கவில்லை.

"அந்த அம்மா இப்ப நல்லாத்தானே இருக்காங்க? ஏன் வம்ப விலைக்கு வாங்குறீங்க?" என்றார் விஷயம் கேட்டு வந்த துறைத் தலைவர்.

டாக்டரம்மாவுக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. தலைவர் போனதும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "விட்டுட்டா எனக்கு நிம்மதிதான்" என்றார். அவ்வளவு களைப்பாக அவரை நான் பார்த்ததே இல்லை. பிறகு போனை எடுத்து அந்த நோயாளியை அழைத்து, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"நீங்க யாரு? என்னப் பாத்த டாக்டர் ஆம்பளையாச்சே" என்றார் அந்த அம்மா.

"நான் உங்களப் பாக்கல. உங்க சதையப் பாத்தவ. தப்பாப் பாத்துட்டேன்."

ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, மன்னிப்பும் கேட்டார். திட்டு விழும் என்று காத்திருந்தோம்.

"அப்ப எனக்குப் புத்தே இல்லையா?"

"இல்லம்மா."

"என் பொண்ணுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். எனக்கு வந்தது அவளுக்கும் வந்துடும்னு பயந்து பயந்தே வளந்தா. டாக்டருங்க அவசரம் இல்லன்னு சொல்லியும் கேக்காம, முன்கூட்டியே ரெண்டு மார்பையும் எடுத்துடுங்கன்னு அவதான் அடம்பிடிச்சுத் தேதி வாங்கியிருக்கா." அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "இங்கதான் இருக்கா. நீங்களே சொல்லுங்க."

போன் கைமாறியது. "ஹலோ, யாரு?" என்றது இளம் குரல்.

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.