சிலிப்பர் போட்டுத் திறக்க வேண்டிய பெட்டி

மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். அன்று வந்திறங்கிய ஐஸ் பெட்டியில், அதாவது ஃபிரிட்ஜில், தண்ணீர் கட்டியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க, நான் கடிகாரத்தின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கேற்றும் நேரம் என்பதால் கைகால் கழுவிவிட்டு வந்த என் மகள், ஐஸ் ஆகிவிட்டதா என்று பார்க்கப் போய்க் கைப்பிடியைத் தொட்டாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு பின்பக்கமாகச் சரிந்தாள்.

கரண்ட் அடித்திருக்கிறது என்று புரிந்துகொண்டு என் மனைவிதான் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவள் சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பயம் எனக்குத்தான் போகவில்லை. இன்றும் யார் வீட்டு ஐஸ் பெட்டியானாலும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பெட்டி வாங்கியது கிள்ளானில். மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போனேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். விளக்கு எரிகிறதா? எரிகிறது. ஐஸ் கட்டுகிறதா? கட்டியது. அப்படியானால் கேரண்டியில் வராது என்றார். கேரண்டி குளிருக்குத்தான், மகளுக்கு இல்லை. பிறகு ஏதோ தோன்றியவராக, பிள்ளை காலில் என்ன போட்டிருந்தாள் என்று கேட்டார். அடுப்படியில் யார் என்ன போடுவார்கள், வெறுங்கால்தான் என்றேன். குற்றவாளி அகப்பட்டுவிட்டதுபோல் அவர் முகம் தெளிந்தது.

“அதான் பாருங்க அண்ணே. சிலிப்பர் போட்டுக்கிட்டு தொறந்தா ஒன்னும் பண்ணாது லா. இத்தன பேர் வாங்குறாங்க, ஒருத்தரும் வந்து சொல்லலையே.”

ஆக, பழுது பெட்டியில் இல்லை, எங்கள் காலில். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறிய நான் அதை நம்பி, வழியில் ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தாள். “அடுப்படியில சிலிப்பர் போடுறதுன்னா, அது நீங்க சமைக்கிற அன்னைக்கு,” என்றாள்.

அந்த வாரம் கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். காலில் தடித்த ரப்பர் அடி வைத்த சப்பாத்து. வேலையாக வந்தவரை அதைக் கழற்றச் சொல்வது மரியாதையில்லை என்று விட்டுவிட்டோம். சுவிட்சைப் போட்டு, பசுவைத் தடவுவதுபோல் பெட்டியைத் தடவிப் பார்த்து, நல்ல சாமான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு மனைவி அதை அணைத்துவிட்டு, அதில் பழைய செய்தித்தாள்களை அடுக்கினாள். மகளோ அடுப்படிக்குள் வருவதையே நிறுத்திவிட்டாள். தாகம் எடுத்தால் ஹாலில் இருந்தபடி குரல் கொடுப்பாள். பெட்டி மூலையில் நிற்கும்வரை அவள் உள்ளே வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுபடி கிள்ளான். கடையில் ஒரு கணவனும் மனைவியும் அதே மாதிரிப் பெட்டியைத் திறந்து மூடி அழகு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாஸ், இவங்களுக்கும் சிலிப்பர் நீங்களே குடுப்பீங்களா, இல்ல தனியா வாங்கிக்கணுமா?” என்றேன்.

அவர்கள் விவரம் கேட்டார்கள். சொன்னேன். வேறு கடையும் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகுதான் கடைக்காரருக்கு என் வீட்டுக்கு வந்து பார்க்க நேரம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவரே வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். நெற்றி நிறைய திருநீறு. உள்ளே சாமி விளக்கு எரிவதைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். வெளிக்குழாயில் காலையும் கழுவிக்கொண்டார். சிமெண்டுத் தரையில் ஈரச் சுவடு பதிய அடுப்படிக்கு வந்தார். நான் சுவிட்சைப் போட்டேன். பார்த்துத் தொடுங்கள் என்று நியாயமாக எச்சரித்தேன். இந்தக் காலத்தில் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் பயம் என்று சிரித்தபடி கைப்பிடியில் கை வைத்தார்.

என் மகளைவிட அவர் அதிக தூரம் பின்னால் போனார். அவள் ஹால் கதவோரமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சுவரைப் பிடித்து நிமிர்ந்தார்.

“மாத்திக் குடுத்துடுறேன் அண்ணே,” என்றார். பிறகு பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “வாசல்ல ஒரு சிலிப்பர் பாத்தேன். அத கொஞ்சம் எடுத்துக் குடுங்க.”