அத்தை நட்ட மூலைக்கல்

நான் கேட்டதிலேயே அருமையான வெடிச்சத்தம் தீபாவளிக்குக் கேட்டதல்ல. ஐயம்பேட்டைப் பக்கம் தாத்தா விட்டுப்போன காலி நிலத்தில், ஒரு குழிக்குள்ளிருந்து கேட்டது.

அந்த நிலம் அப்பாவுக்கும் அத்தைக்கும் பாதிப் பாதி. அத்தை தன் பாதியையும் தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று அந்த வாரம் வீட்டில் பேச்சாக இருந்தது. "பொறந்த வூட்டு வாசல் தெறந்திருந்தா போதும்பா" என்றாளாம். எனக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. வேலி போடப் போகிறோம், பள்ளிக்கூடம் லீவு, கடப்பாரையைத் தொடலாம். இதற்கு மேல் என்ன வேண்டும்!

இடமோ கட்டாந்தரை. கடப்பாரை விழும்போதெல்லாம் ணங்கென்று பொறி பறந்தது. அப்பா பட்டு நெய்கிறவர். தறியில் மிச்சமான இழையை இழுத்துக் கட்டி எல்லையைக் கோணாமல் நேராக்கியது வரை அவர் ராஜா. ஆனால் அவர் தோண்டிய முதல் குழி தறிக்குழி மாதிரி, ஆள் உட்காருகிற அகலத்தில் இருந்தது. அதில் வேலிக்கல்லை நிறுத்தினால் நாலு பக்கமும் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். திருப்புட்குழியில் அவள் புகுந்த வீட்டுக்கு வயல் உண்டு.

"ஏம்பா, வேலி போடறியா, தறி போடறியா? எறங்கி உக்காந்து நெய்யி!"

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை வாங்கினாள். அவள் தோண்டிய குழிகள் ஒடுக்கமாக, கல்லுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இறங்கின. ஆழம் போகப் போக உள்ளே நுழைந்தது என் கை ஒன்றுதான். குப்புறப் படுத்துக் கொட்டாங்குச்சியால் சரளையை அள்ளி அள்ளிப் போட்டேன். தோள்வரை மண். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசிக் குழியில் பாறை. சாலையோர மூலை அது, அங்கே கல் நிற்காவிட்டால் கம்பியை இழுத்துக் கட்டவே முடியாது. நாளைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அத்தை விடவில்லை. வெட்டிப் போட்டிருந்த கருவேல முள்ளைக் குழிக்குள் திணித்துக் கொளுத்தினாள். முள் எரிந்து தணலானதும், "எட்டி நில்லுப்பா" என்று என்னைத் தள்ளிவிட்டு, குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தாள். புஸ்ஸென்று ஆவி. உள்ளே படார்! பாறை இரண்டாகப் பிளந்துவிட்டது. நான் குதித்த குதியில் கால்சட்டை நழுவியதுகூடத் தெரியவில்லை.

கல்லை நிறுத்திச் சுற்றிலும் சல்லி போட்டு இடிக்கும்போது அத்தை சொன்னாள்:

"நல்லா இறுக்கி இடிப்பா. நாளிக்கு நானே வந்து புடுங்கிக்கினு போயிடப் போறேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா தலை நிமிராமல் இடித்துக்கொண்டே இருந்தார். அம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

கம்பி கட்டி முடித்தபோது நாங்கள் உள்ளே இருந்தோம், அத்தை சாலைப் பக்கம் நின்றிருந்தாள். நான் ஒவ்வொரு கல்லிடமும் ஓடி, கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.

"ஒண்ணுகூட ஆடல அத்தை!"

அவளும் வெளியிலிருந்து கை வைத்து மூலைக்கல்லை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

"ஆமாப்பா, ஆடல" என்றாள்.

ஷேர் ஆட்டோ வந்தது. அவள் ஏறிப் போகும்வரை நான் அதையே கத்திக்கொண்டிருந்தேன். யாரை வெளியே நிறுத்திவிட்டு, யாருடைய நிலத்தில் நின்று கத்துகிறேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.