ஏழாவது வரிசையின் திருத்தம்

மருந்தாளுநர் சங்கத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. காற்புள்ளி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் ஏழெட்டுக் காற்புள்ளிகளைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதால் வந்த பட்டம். பெரிய ஆஸ்பத்திரியின் மருந்து கவுன்டரில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, சங்கத்தின் இருமாத இதழையும் ஒன்பது வருஷமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். சம்பளம் கிடையாது, கௌரவ ஆசிரியர். அந்தக் கௌரவத்தைக் காய்ச்சிக் குடிக்க முடியுமா என்று அவள் கணவர் அடிக்கடி கேட்பார். அவர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார்.

ஆசிரியர் குழு என்று ஐந்து பேர் உண்டு. அட்டையின் உள்பக்கத்தில் ஐந்து பெயரும் அச்சாகும். கூட்டத்துக்கு வருவது இரண்டு பேர். அதில் ஒரு பெரியவருக்குக் காது மந்தம். கட்டுரை கேட்டால் உறுப்பினர்கள் தலைமறைவாகிவிடுவார்கள். தங்கள் படம் சின்னதாக வந்துவிட்டால் மட்டும் விடிந்ததும் போன் வரும். முப்பத்திரண்டு பக்கத்தை நிரப்புவதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

போன வருஷம் சங்கத் தலைவரே ஒரு கட்டுரை கொடுத்தார். குழந்தைகளுக்கான திரவ மருந்துகளை எந்த வயதுக்கு எவ்வளவு கொடுப்பது என்று அரைப் பக்கப் பட்டியல். வெட்டியெடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். நாற்பது வருஷ அனுபவசாலி. இதழ் அச்சுக்குப் போகவேண்டிய அன்று அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்தினாள். காற்புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தன.

இதழ் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், தொலைதூர ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் போன் செய்தாள். ஏழாவது வரிசையில் கைக்குழந்தைக்கு ஐந்து மில்லி என்று இருக்கிறதே, அரை மில்லிதானே கொடுக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். காற்புள்ளி போனை வைத்த கையோடு அலமாரியைத் திறந்தாள். தலைவரின் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தாள். அதிலேயே ஐந்துதான். கண்டுபிடிக்க வேண்டியது அவள் வேலை. அவள் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த இரண்டு மாலையும் கிளைச் செயலாளர்கள் இருபத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஏழாவது வரிசையை நம்ப வேண்டாம் என்று சொன்னாள். தொண்டை கட்டிவிட்டது. ஆனால் சேதி எல்லாக் கடைகளுக்கும் போகும் என்று நிச்சயமில்லை. எனவே அடுத்த இதழின் முதல் பக்கத்துக்கு ஒரு திருத்தம் எழுதினாள். கட்டுரையில் தவறு இருந்தது, ஆசிரியர் கவனிக்கவில்லை, பழைய பட்டியலைக் கிழித்துவிடுங்கள் என்று மூன்று வாக்கியம். கீழே சரியான பட்டியல்.

அந்த மூன்று வாக்கியத்துக்காகச் செயற்குழு அவசரமாகக் கூடியது. சங்கக் கட்டடத்தின் மாடி அறை, ஓடாத மின்விசிறி, ஆறிப்போன காபி.

"அச்சுப்பிழைன்னு கடைசிப் பக்கத்துல ரெண்டு வரி போடுங்கம்மா, போதும்" என்றார் தலைவர்.

"கடைசிப் பக்கத்தை யாரு சார் படிக்கறாங்க? அச்சகத்துல நாம கொடுத்ததைத்தானே அடிச்சாங்க?"

"தலைவரே தப்பு பண்ணிட்டார்னு வெளியில தெரிஞ்சா சங்கத்து மானம் என்ன ஆகறது?" தலைவர் விடவில்லை.

"நானும் தப்பு பண்ணினேன்னுதான் சார் எழுதியிருக்கேன். ரெண்டு பேர் மானமும் சேர்ந்தே போகட்டும்."

செயலாளர் சட்டவிதிப் புத்தகத்தைப் பிரித்தார். தலைவருக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தார். ஆனால் இதழில் எது வரவேண்டும் என்பது ஆசிரியர் குழுவின் முடிவு என்றிருந்தது. ஆசிரியரை நியமிக்கலாம், இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து நீக்கலாம். இதழின் பக்கங்களில் கைவைக்கச் செயற்குழுவுக்கு அதிகாரம் இல்லை. நீக்கலாம் என்ற வரியை மட்டும் அவர் கொஞ்சம் உரக்கப் படித்தார்.

"சரி சார், நீக்கிடுங்க" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கோபப்படத் தெம்பில்லை. "நோட்டீஸ் காலத்துக்குள்ள அடுத்த இதழ் வந்துடும்."

திருத்தத்துக்கு ஒப்புதல் வாங்கக் கூட்டிய ஆசிரியர் குழுவுக்கு வழக்கம்போல இரண்டு பேர்தான் வந்தார்கள். விவரத்தைப் பெரியவர் காதருகே கத்திச் சொல்லப் போனாள். "கேக்குதும்மா. தேவையில்லாததுதான் எனக்குக் கேக்கறதில்லை" என்று சொல்லிவிட்டு அவர் திருத்தத்தின் கீழே முதல் கையெழுத்தைப் போட்டார்.

திருத்தம் முதல் பக்கத்தில் வந்தது. நோட்டீஸும் வந்தது. எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆனதாகத் தகவல் இல்லை. ஒரு வாரம் கழித்துத் தலைவர் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள்.

"அந்தப் பட்டியலை என் கடையிலயும் ஒட்டியிருந்தேம்மா" என்றார். "உங்க பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் கிழிச்சேன்."

வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். நோட்டீஸைத் திரும்பப் பெறவும் இல்லை. புது ஆசிரியராக அவருடைய மைத்துனர் வந்தார். ஒன்பது வருஷக் கோப்புகளை இரண்டு பைகளில் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள். நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அசதிதான் இருந்தது.

அதன்பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்திருந்தவளை மைத்துனர் போனில் எழுப்பினார். இரங்கல் செய்தியை எந்தப் பக்கத்தில் போடுவது என்று அவருக்குச் சந்தேகம். சொன்னாள்.

"மெய்ப்பு யாரு சார் பார்க்கறாங்க?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா."

"இன்னொருத்தரையும் பார்க்கச் சொல்லுங்க. ஒருத்தர் கண்ணு போதாது."

செயற்குழுவில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் அவர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணவர், யார் போனில் என்று கேட்டார். சங்கம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.