மறுவருகைக் கட்டணம்

ஆயம்மாளைப் பற்றி எழுத எனக்கு எந்த அருகதையும் கிடையாது. அவருடைய நூற்றைம்பது ரூபாய்க் கூப்பன்மேல் விதவிதமாகக் கட்டணம் எழுதிய கை இதுதான். ஆனாலும் எழுதுகிறேன். நடந்ததை முழுசாகப் பார்த்தவர்களில் முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், மிச்சம் இருப்பவன் நான்தான்.

1987இல் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் ஆல்பர்ட், வயது இருபத்தேழு. கடை நாராயணசாமி முதலாளியுடையது. கீழே கடை, மாடியில் அவர் வீடு. முதலாளி கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. கையைவிட்டு ஒரு ரூபாய் போனால் அது எங்கே போனது என்று மூன்று நாள் தூங்காமல் யோசிக்கிற ஆள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனி எங்கள் கடையில் இருபது அன்பளிப்புக் கூப்பன் வாங்கியது. மொத்தமாக வாங்குவதால் பத்துப் பர்சன்ட் தள்ளுபடி கேட்டார்கள், முதலாளியும் தலையாட்டிவிட்டார். அவர்கள் படியிறங்கிய நிமிஷத்திலிருந்து அவருக்கு நெஞ்சு எரிய ஆரம்பித்தது.

"பத்துப் பர்சன்ட் போய்டுச்சே ஆல்பர்ட்டு. அத எவன் குடுப்பான்?"

"கம்பெனி குடுக்காதுங்க."

"கூப்பன் எடுத்துகினு வர்றவன் குடுப்பான். நீ ஒரு நல்ல பேரா வையி."

பெயர் வைப்பது என் வேலையானது. எஸ்.எஸ்.எல்.சி.யில் எனக்குத் தமிழில் எண்பத்தொன்று. சொல்லிக்கொடுத்தவர் மிஷன் பள்ளிக்கூடத்து ராயப்பன் சார். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு சரிபார்ப்புக் கட்டணம் ஆறு ரூபாய், பதிவேட்டுக் கட்டணம் நான்கு ரூபாய், கையாளுகைக் கட்டணம் நான்கு ரூபாய் என்று ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தேன். கையாளுகை என்ற சொல்லைப் பார்த்து முதலாளிக்குக் கண் கலங்கியது. சட்டப்படி சரியாக இருக்கவேண்டும் என்று கூப்பனின் அடி ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் "கடை விதிகளுக்கு உட்பட்டது, 20-9-87 வரை மட்டும்" என்று அச்சடித்தோம். மேல் ஓரத்தில் லட்சுமி படம் பெரிதாக இருந்தது.

இனி ஆயம்மாள். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலையடியில் சின்ன ஊர் அவருக்கு. புருஷன் சின்னதுரை பாம்பு கடித்துச் செத்த வருஷம் ஒரு மாடு வாங்கினார். அது இரண்டானது. அந்த இரண்டு மாட்டுப் பாலில்தான் மகள் செந்தமிழ்ச்செல்வியை ஆசிரியர் பயிற்சிவரை படிக்கவைத்தார். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிடுவார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது அமிழ்ந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் குழாயைப் பார்த்து முகம் மாறாத ஒரே ஆள் ஆயம்மாள்தான் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். மழை நாளில் கேனில் நாலு சொட்டு விழுந்தால்கூட, "இன்னிக்கு மழத்தண்ணி வுழுந்துடுச்சு, அதுக்குண்டானத கம்மி பண்ணி எழுதிக்கோங்க" என்று அவரே சொல்வாராம். சொசைட்டிக்காரர்களுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம்.

வருஷம் முழுக்கத் தண்ணீர் கலக்காமல் பால் ஊற்றியவருக்கு என்று தீவனக் கம்பெனி பரிசு அறிவித்தபோது, அவர் ஊரில் போட்டிக்கே ஆள் இல்லை. கூப்பன் அவருக்கு வந்தது.

வந்த நேரமும் நல்ல நேரம். சின்னசேலத்தில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியிலிருந்து செந்தமிழ்ச்செல்விக்கு நேர்காணல் கார்டு வந்திருந்தது, செப்டம்பர் இருபத்தெட்டு. அந்தப் பெண்ணிடம் இரண்டே புடவை. ஒன்று முதுகில் கிழிந்தது, இன்னொன்று முன்னால் கிழிந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் கட்ட முடிந்தால் பிரச்சினையே இல்லை. தாய்க்கும் மகளுக்கும் அந்தக் கூப்பன்தான் நேர்காணல்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஆயம்மாள் கடைக்கு வந்தார். அரை மணி நேரம் பார்த்து, இளநீலத்தில் மெல்லிசாகக் கரை போட்ட புடவை ஒன்றை எடுத்தார். விலை நூற்று நாற்பத்தெட்டு. சந்தோஷமாகக் கூப்பனை என் மேசையில் வைத்தார். நான் பதினான்கு ரூபாய் ரொக்கமாகக் கட்டச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு தம்பி? கூப்பன்ல நூத்தம்பதுன்னு போட்டுக்குதே."

"கூப்பன் மதிப்பு வேறங்க, கட்டணம் வேறங்க."

"அப்ப கம்மி வெலையில ஒரு சீல எடுத்துக்கறேன். மிச்சத்துல அந்தப் பதினாலக் கழிச்சுக்கோங்க."

"கூப்பன்ல மிச்சம் தரமாட்டோங்க. கட்டணம் ரொக்கமாத்தான்."

அவரிடம் திரும்பிப் போக பஸ் காசு ஒன்றரை ரூபாய்தான் இருந்தது. புடவையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். சண்டை போடவில்லை. தன் பக்கம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்து ஜனங்களின் சுபாவம் அது. எழுதின காகிதம் பொய் சொல்லாது, நமக்குத்தான் நேரம் சரியில்லை என்று தோன்றிவிடும்.

நேரத்தைச் சரிசெய்ய வீட்டுக்குப் போய் ஒரு காரியம் செய்தார். கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதைப் போலக் கூப்பனின் நான்கு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் பத்து நாள் வைத்துக் கும்பிட்டார். லட்சுமி படம் போட்ட காகிதத்தை வெறுமனே எடுத்துப்போனதுதான் தப்பு என்பது அவர் முடிவு. பதினான்கு ரூபாயையும் சேர்த்துக்கொண்டு இரண்டாம் தடவை வந்தார்.

முதலாளி கூப்பனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

"ஆல்பர்ட்டு, இதுல கறை இருக்குதே."

"மஞ்சளுங்க," என்றார் ஆயம்மாள்.

"மஞ்சளோ மண்ணோ, கூப்பன் நல்ல கூப்பன்தானான்னு பாக்கணுமில்ல? அதுக்கு ஒரு ஆள் செலவு."

கறை ஆய்வுக் கட்டணம் ஐந்து ரூபாய். நான் கொஞ்சமும் யோசிக்காமல் அந்தப் பெயரைச் சொன்னேன், இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. போதாததற்கு, ஏற்கெனவே ஒருமுறை வந்து வாங்காமல் போனதால் பதிவேட்டில் இரண்டாம் தடவை எழுதவேண்டியிருந்தது. அதற்கு மறுவருகைக் கட்டணம் மூன்று ரூபாய். மொத்தம் இருபத்திரண்டு. எட்டு ரூபாய் குறைந்தது.

நான் ஆய்வு செய்தேன். அதாவது நகத்தால் மஞ்சளைச் சுரண்டினேன். அடியில் தேதி தெரிந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

"இருவதாந் தேதி வரிக்குந்தானா?" என்றார். முகம் வெளிறிவிட்டது. "இன்னும் அஞ்சு நாளுதான கீது?"

"ஆமாங்க."

"வந்துடறேன் தம்பி. அந்த நீலச் சீலைய மட்டும் யாருக்கும் குடுத்துறாத."

பதினேழாம் தேதி, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. வட மாவட்டங்கள் முழுக்கப் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. துப்பாக்கிச் சூடு, சாவு என்று செய்தி வந்துகொண்டிருந்தது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்புக்குரியது எங்கள் கடைக்குள் நடந்தது மட்டும்தான்.

மூன்றாம் நாள் ஊரில் பால் என்பதே இல்லை. டீக்கடைகளில் கறுப்புத் தண்ணீரைக் கொடுத்து டீ என்றார்கள். முதலாளியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தார். அவருக்குப் பால் சுரக்கவில்லை, குழந்தைக்குப் பசும்பால்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் ராத்திரியிலிருந்து மூன்று மாதக் குழந்தை சர்க்கரைத் தண்ணீரில் இருந்தது. அது மாடியில் கத்துகிற கத்தலில், கீழே பாதி ஷட்டர் இறக்கிய கடையில் நானும் முதலாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

பத்து மணி இருக்கும். ஷட்டருக்கு அடியில் குனிந்து ஆயம்மாள் உள்ளே வந்தார். புடவையெல்லாம் புளிய இலை. கையில் ஐந்து லிட்டர் கேன்.

"சொசைட்டி வண்டி வர்ல தம்பி. பால இன்னா பண்றது? டீக்கடைக்கு ஊத்திட்டு, அந்தக் காச உங்களுக்குக் கட்டலாம்னு எடுத்தாந்தேன். மொதல்ல சீல கீதான்னு பாத்துக்கறேன்."

முதலாளி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "பாலா? அதுல பாலா இருக்குது? இன்னா வெலைன்னாலும் குடும்மா!"

மாடியிலிருந்து முதலாளியின் மனைவி பெரியநாயகியம்மாள் செம்போடு ஓடி வந்தார். ஆயம்மாள் ஒரு லிட்டர் அளந்து ஊற்றினார்.

"கொழந்தைக்கும்மா. பாதி தண்ணி ஊத்திக் குடும்மா," என்றார் பெரியநாயகியம்மாள் படபடப்பில்.

ஆயம்மாள் கையை இழுத்துக்கொண்டார். "நான் ஊத்தமாட்டேங்க. உங்க செம்புக்கு வந்தப்பறம் அது உங்க பாலு. நீங்க இன்னா வேணா கலந்துக்குங்க."

செம்பு மாடிக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. முதலாளி இருபது ரூபாய் நோட்டை நீட்டினார்.

"நாலு ரூபாதாங்க லிட்டரு."

"இன்னிக்கு ஊர்ல பாலே இல்லம்மா. பத்து ரூபா சொன்னாலும் வாங்குவான்."

"மாடு அதே மாடுதாங்க."

நான்கு ரூபாய் மட்டும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். முதலாளிக்கு மனசு கரைந்துவிட்டது. உண்மையாகவே கரைந்தது, நான் பார்த்தேன். "ஆல்பர்ட்டு, எல்லாக் கட்டணத்தையும் அடிச்சுடு. அம்மாவுக்கு அந்தச் சீலைய கட்டிக் குடு," என்றார். சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனவர், கல்லாவைத் தொட்டதும் நின்றார். பழக்கம் கையைப் பிடித்துக்கொண்டது.

"அடிக்கிறதுன்னா பதிவேட்டுல திருத்தி எழுதணுமில்ல. அதுக்கு ஒரு ரெண்டு ரூபா போட்டுக்கோ."

நான் எழுதினேன்: கட்டணத் தள்ளுபடிக் கட்டணம், ரூபாய் இரண்டு.

ஆயம்மாள் அதை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "கூப்பன்ல மிச்சம் ரெண்டு ரூபா நிக்குதே, அதுல கழிச்சுக்கோங்க," என்றார்.

"மிச்சம் தர்றதில்லம்மா," என்றார் முதலாளி. பாவம், அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

ஆயம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாய் எடுத்து வைத்தார். "பஸ்சு இல்ல. பஸ்சு காசு மிச்சந்தான்," என்றார். புடவைப் பொட்டலத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பேசினார். கோபமாகக்கூட இல்லை.

"எங்க ஊர்லேர்ந்து பன்னெண்டு மரம் தாண்டி வந்தங்க. ஒவ்வொரு மரத்தாண்டையும் பசங்க நின்னுகினு இருந்தாங்க, ஒரு சைக்கிளக்கூட வுடல. எங்க போறன்னாங்க. எம்பொண்ணு வேலைக்குப் போவப்போவுது, சீல வாங்கப் போறேன்னேன். அதுக்குத்தான நாங்களும் ஒக்காந்துகினு இருக்கறோம்னு சொல்லி, கேன வாங்கி அந்தப் பக்கம் வெச்சு, என்னயும் கையப் புடிச்சு எறக்கி வுட்டாங்க. பன்னெண்டு மரம். ரோட்ட மறிச்சவன் ஒருத்தன்கூட எங்கிட்ட ஒரு பைசா கேக்கல."

முதலாளி கல்லாவுக்குள் எதையோ தேடினார். அதில் தேட ஒன்றுமில்லை, மூன்று நாளாக வியாபாரமே இல்லை.

ஆயம்மாள் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பேரெல்லாம் யாரு தம்பி வெக்கிறது?"

"நான்தாங்க."

"நல்லாப் படிச்சிருக்கற. யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

"ராயப்பன் சாருங்க."

"இருக்கறாரா?"

"இருக்காருங்க."

"அவருக்குத் தெரியுமா, நீ இத எழுதறது?"

நான் பதிவேட்டை மூடி வைத்தேன். அவரும் பதிலுக்கு நிற்கவில்லை. மிச்சமிருந்த நான்கு லிட்டரோடு ஷட்டருக்கு அடியில் குனிந்து போனார். எதிர் டீக்கடையில் அதையும் லிட்டர் நான்கு ரூபாய்க்கே ஊற்றினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாளே வேலையை உதறினேன் என்று எழுத ஆசைதான். இல்லை, அங்கேயே இன்னும் எட்டு வருஷம் இருந்தேன். ஆனால் அதற்கப்புறம் ஒரு கட்டணத்துக்கும் நான் பெயர் வைக்கவில்லை. "வர மாட்டேங்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். முதலாளி "இதர" என்று போட்டுக்கொண்டார். ராயப்பன் சார் செத்தபோது போய் மாலை போட்டேன், உயிரோடு இருக்கையில் போக எனக்குத் துணிச்சல் இருக்கவில்லை.

கடைசியில் அந்த வேலையை விட்டு, மனைவியின் ஊரான சின்னசேலத்துக்குக் குடிவந்தேன். மகள் பிரின்சியை மூன்றாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளிக்கூடம் போனேன். பிறப்புச் சான்றிதழை வீட்டிலேயே வைத்துவிட்டேன், எடுத்துவரச் சொன்னார்கள். மத்தியானம் மறுபடியும் போய் நின்றேன். சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த டீச்சரின் மேசையில் பெயர்ப் பலகை இருந்தது: சி. செந்தமிழ்ச்செல்வி. என்னை அவருக்குத் தெரியாது. தெரிய வழியில்லை, அந்தக் கடைக்கு அவர் வந்ததே இல்லை.

காலையில் ஒருமுறை எழுதிய பிரின்சியின் பெயரை அவர் இரண்டாம் தடவை எழுதிக்கொண்டிருந்தார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"மறுபடி வந்ததுக்கு ஏதாவது கட்டணுங்களா, டீச்சர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்கு மறுபடி வர்றதுக்கு எதுக்கு சார் காசு?" என்று சொல்லி, பிரின்சியின் கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிப்போனார்.