சிறப்புப் பிரதி

இரண்டாயிரங்களின் நடுவில் கனடாவின் மொன்றியலில் எங்கள் ஆட்களுக்குள் அறிவியல் புனைகதை எழுதியவன் நான் ஒருவன்தான். போட்டிக்கு ஆளில்லாததால் பெயர் சுலபமாகக் கிடைத்தது. "இயந்திரங்களை விளக்காமல், சின்னச் சின்ன வசனங்களிலேயே மூச்சுமுட்ட வைக்கிறார்" என்று ஒரு சிற்றிதழ் எழுதியது. அதைக் கத்தரித்து வைத்திருந்தேன். வெட்கக்கேடு.

அந்த நடை என்னுடையதல்ல. துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் என்னோடு சாமான் இறக்கிய அண்ணையுடையது. வெளிநாடு வந்த கதையைத் தேநீர் இடைவேளையில் சொல்வார். லொறிக்குள் அடைத்த பத்துப் பேரில் அவரும் தம்பியும்.

"இருட்டு. ஒரேயொரு ஓட்டை. முறை வைச்சு மூச்சு இழுத்தனாங்கள்."

அதோடு நிறுத்திவிடுவார். எல்லை தாண்டிக் கதவைத் திறந்தபோது தம்பிக்கு உயிரில்லை என்பதை ஒரே ஒருமுறைதான் சொன்னார். அம்மாவுக்குக்கூட முழுக்கச் சொல்லவில்லையாம்.

நான் லொறியை விண்கலமாக்கினேன், ஓட்டையை ஒட்சிசன் குழாயாக்கினேன். முடிவு சப்பென்று இருப்பதாகப் பட்டது. மற்றவர்கள் பிழைக்கட்டும் என்று தமையனே தம்பியின் வாயிலிருந்து குழாயைப் பிடுங்குவதாக எழுதினேன். எல்லோரும் அந்த இடத்தைத்தான் மெச்சினார்கள்.

புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவில் வேண்டியவர்களை மேடைக்கு அழைத்துச் சிறப்புப் பிரதி கொடுப்பது நம் வழக்கம். அண்ணையின் பெயரையும் நானே எழுதிக் கொடுத்தேன். கதைப் புத்தகம் தொடாத மனிதர் என்ற துணிச்சல். வேட்டி கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார்.

ஆய்வுரை செய்தவர் அந்தக் கதையை, ஒரே குழாயில் முறை வைத்து மூச்சு இழுக்கும் இடம் வரைக்கும் விளக்கமாகச் சொல்லி, "முடிவை நீங்களே வாசியுங்கோ" என்று நிறுத்தினார். சபையிலிருந்து ஒருவர், இதெல்லாம் எப்படித் தோன்றுகிறது என்று கேட்டார். "எல்லாம் கற்பனைதான்" என்றேன். அண்ணையின் பக்கம் பார்க்கவில்லை.

பொரித்த ரோல்சும் தேநீரும் வைத்திருந்த மேசையடியில் அவர் என்னைப் பிடித்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம்.

"உம்மடை கதையிலையாவது அவன் தப்பினவனோ?"

"ஓம் அண்ணை."

அவர் முகம் தெளிந்தது. எண்ணெய்க் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு, கக்கத்தில் வைத்திருந்த சிறப்புப் பிரதியை எடுத்தார்.

"அப்ப இண்டைக்கே வாசிக்கிறன்" என்றார்.