வார்டு வாசலோடு

ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரங்களைத் தேய்ப்பது கணவர் பாடு. துடைத்து அடுக்குவது சின்ன சிஸ்டர் பாடு. வயது ஐம்பதைத் தாண்டியும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு அந்தப் பெயர்தான். பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போனதில் அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார வேண்டுமென்றால் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டுமாம். நாளைக்குள் தலைப்பாவது போய்ச் சேர வேண்டும். தவறினால் நாற்காலி அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவளுக்கு.

முதலில் ‘நோயாளிகளின் குடும்பம்’ என்று எழுதிக்கொண்டு போனாள். நர்சிங் கல்லூரிப் பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“உலகத்தையே கட்டி இழுத்துட்டு வந்திருக்கீங்க சிஸ்டர். சின்னதாக்குங்க.”

‘பார்க்க வரும் உறவினர்கள்’ ஆக்கினாள். இன்னும் என்றார். ‘பார்க்க வரும் மகன்கள்.’

“இன்னும் கொஞ்சம். தினம் உங்க கண்ணுல படுறது எதுவோ, அது.”

வார்டில் நின்று பார்த்தாள். பட்டது.

“தலைப்பு கிடைச்சிடுச்சுங்க” என்றாள், கணவரிடமிருந்து ஈரத் தட்டை வாங்கியபடி.

“அப்பாடா. என்னவாம்?”

“சில பிள்ளைங்க பழம், போர்வை எல்லாம் வாங்கிட்டு வருவாங்க. வார்டு வாசலோட நின்னுடுவாங்க. பையை எங்க கையில குடுத்துட்டு, ‘அப்பா எப்படி இருக்காரு’ன்னு எங்களையே கேப்பாங்க. அப்பா அங்கதான் முழிச்சுக்கிட்டுக் கிடப்பாரு. அவங்க ஏன் உள்ள வரமாட்டேங்கிறாங்கன்னு எழுதப் போறேன்.”

கணவர் பால் பாத்திரத்தை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். அதில் ஒன்றும் அடிப்பிடித்திருக்கவில்லை.

“பேசாம கை கழுவறதைப் பத்தி எழுதேன்.”

“அதை எல்லாரும் எழுதிட்டாங்களாம்.”

“எழுதி என்ன, எல்லாரும் கழுவறாங்களா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த டம்ளரை எடுத்தாள்.

போன வருஷம் மாமனார் அதே வார்டில்தான் கிடந்தார். இவர் தினமும் வாசல்வரை வந்தார். பையை உள்ளே கொண்டுபோனது அவள். “ஆபீஸ்ல அவசர வேலையாம் மாமா” என்று ஏதோ ஒன்றைச் சொல்லி வைப்பாள். மாமனார் “சரிம்மா” என்பார். கடைசிவரை சரிம்மாதான்.

“நாலு பேரைக் கேட்டு எழுதணுமாம்” என்றாள். “கேட்டா அவங்க காலைக் குனிஞ்சு பார்க்கிறாங்க. ஏங்க, நீங்க ஏன் உள்ள வரலை?”

கட்டுரைக்காகத்தான் கேட்டாள். பாதிக்குப் பாதி.

அவர் குழாயை மூடினார். கையை உதறிவிட்டு, பால் பாத்திரத்தை அவளிடம் நீட்டினார்.

“நாளைக்குத் தலைப்பு மட்டும் குடுத்தாப் போதும்ல?”

“போதும்.”

“அப்ப அதைக் குடுத்துடு. நல்லாத்தான் இருக்கு.”

சமையலறை வாசலில் கொஞ்சம் நின்றார். பிறகு போய்விட்டார்.